மூளையின் பிள்ளைத்தமிழ்

தமிழிலே வழங்கும் பிரபந்த வகைகளுள் குழந்தையின் வளர்ச்சிக்கு நாட்குறித்துப் பாடுவது பிள்ளைத்தமிழ். ஐந்தாந் திங்களிலே குழந்தை ஒரு காலை மடக்கி, மறுகாலை நீட்டி, இரு கைகளையும் நிலத்தில் ஊன்றித் தலை நிமிர்த்தி அசைந்தாடுதல் செங்கீரை. ஒன்பதாந் திங்களிலே இரு கைகளையுஞ் சேர்த்துக் கொட்டுதல் சப்பாணி. ஓராண்டு நிறைவை ஒட்டித் தளர்நடை பயின்று தாயை நோக்கி வருதல் வருகை. அதன் பின்னர் விண்ணிலே தவழும் மதியைத் தன்னோடு விளையாட அழைத்தல் அம்புலி. பாட்டியல் நூலார் திங்கட் கணக்கிலே சிறிது வேறுபடுவர். ஆயினும் வளர்ச்சிக்குப் பருவமுண்டு, பருவங்களுக்கு வரிசையுமுண்டு என்பதில் அவர்கள் அனைவரும் ஒருமித்தவரே.

புலவர்கள் கண்டது குழந்தையின் கையும் காலும் முகமும். அவற்றை இயக்கும் மூளைக்குள்ளும் இத்தகையதொரு பருவ வரிசை உண்டென்பதனைக் கடந்த அரை நூற்றாண்டு விஞ்ஞானம் நமக்கு உணர்த்தியுள்ளது. அவ்வரிசையிலே பெரும்பங்கு கொள்வது டோபமைன் என்னும் பொருளும், அதனைப் பெற்றுக்கொள்ளும் வாங்கிகளும் ஆம். அவை யாவை, குழந்தை பிறந்த பின்னர் அவை எங்ஙனம் அமைகின்றன, அவ்வமைப்புக்கு ஊறு நேர்வது எவ்வாறு என்பவற்றை ஆசிரியரும் மாணவரும் அறியுமாறு கூறுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

இதனை வெறும் ஏட்டறிவாகக் கொள்ளற்க. 'தோட்டத்துப் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது' என்னும் பேச்சு இம்மலைநாட்டிலே நெடுங்காலமாக வழங்கி வந்துள்ளது. வெளியார் கூறினர்; நம்மவரும் கூறினர்; ஆசிரியர் ஓய்வறைகளிலும் அது ஒலித்ததுண்டு. அப்பேச்சுக்கு விஞ்ஞானம் தரும் மறுமொழி யாது என்பதே நம்முன் உள்ள வினா.

இரு மூலிகைகளும் ஒரு பொருளும்

டோபமைன் முதன்முதலாகச் செயற்கை முறையிற் செய்யப்பெற்றது 1910 ஆம் ஆண்டில். இலண்டனில் பணியாற்றிய பாஜர், யூவன்ஸ் என்னும் இரசாயன அறிஞர் இருவர் அதனை ஆக்கினர். ஆயினும் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அதனை எவரும் பெரிதாக மதிக்கவில்லை. வேறொரு பொருள் உண்டாவதற்கு முன் இடையிலே தோன்றி மறைவது என்ற அளவிலேயே அறிஞர் அதனை எண்ணினர்.

அதன் பெருமையை உலகுக்குக் காட்டத் துணைசெய்தது நம் வைத்தியர்கள் நன்கறிந்த சர்ப்பகந்தி. இம்மூலிகையின் வேர் குருதி அழுத்தத்தைத் தணிக்கும், சித்தப்பிரமை கொண்டோரை அமைதியுறச் செய்யும் என்பதனைக் கல்கத்தாவைச் சேர்ந்த கணபதி சென், கார்த்திக் சந்திர போஸ் என்னும் மருத்துவர் இருவர் 1931 இல் எழுதி வெளியிட்டனர். 1952 இல் அவ்வேரிலிருந்து ரெசர்பின் என்னும் சத்துத் தனியாகப் பிரித்தெடுக்கப்பட்டது. சுவீடன் நாட்டறிஞர் ஆவிட் கார்ல்சன் அச்சத்தினை முயல்களுக்குச் செலுத்தினார். துள்ளித் திரிந்த முயல்கள் செவி தொங்க, உடல் சோர, அசைவற்றுக் கிடந்தன. பின்னர் எல்-டோபா என்னும் பொருளைச் செலுத்தியதும் சிறிது நேரத்திலே அவை மீண்டும் எழுந்து நடமாடின. இது நிகழ்ந்தது 1957 இல். உடலுக்குள் எல்-டோபா டோபமைனாக மாறும். ஆகவே முயல்கள் இழந்ததும் மீளப் பெற்றதும் டோபமைனே என்பது விளங்கிற்று. டோபமைன் மூளையில் இயல்பாகவே உறைவது என்பதனையும் அவர் அடுத்த ஆண்டு காட்டினார். 2000 ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பெற்ற மூவருள் அவரும் ஒருவர்.

எல்-டோபாவைப் பற்றித் தமிழர் அறிந்து மகிழத்தக்க செய்தியொன்றுண்டு. சித்த மருத்துவத்திலே பேசப்படும் பூனைக்காலி விதையில் அப்பொருள் மிகுதியாக உண்டு. சென்னைப் பல்கலைக்கழக உயிர் இரசாயன ஆய்வுகூடத்திலே தாமோதரன், இராமசுவாமி என்னும் அறிஞர் இருவர் அவ்விதையிலிருந்து அதனைப் பிரித்தெடுத்து 1937 இல் வெளியிட்டனர். கார்ல்சனின் முயல்கள் எழுந்து நடப்பதற்கு இருபது ஆண்டுகள் முன்னரே அது நிகழ்ந்தது.

வாங்கி என்பது யாது?

மூளையிலுள்ள நரம்புக்கலங்கள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டிருப்பன அல்ல. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையே மிக நுண்ணியதோர் இடைவெளி உண்டு. ஒரு கலம் தன் செய்தியைக் கூற விரும்பின் டோபமைன் போன்ற தூதுப்பொருளை அவ்வெளியிலே விடுக்கும். எதிர்க்கலத்தின் மேற்பரப்பிலே அதனைப் பெற்றுக்கொள்ளும் புரதங்கள் உள்ளன. ஈழத்துப் பாடநூல்கள் இதனை வாங்கி என்னும். தமிழகத்தார் ஏற்பி என்பர். இரண்டும் நல்ல சொற்களே. கொடுப்பதனைக் கைநீட்டிப் பெறுவது வாங்குதல்; பெற்றதற்கு உடன்பட்டு நடப்பது ஏற்றல். இப்புரதம் இரண்டு தொழிலையும் புரிகின்றது.

மலைநாட்டார்க்கு இதனை எளிதில் விளக்கலாம். முற்காலத்திலே விடியற் பொழுதிற் பிரட்டுக்கு ஆள் அழைக்கத் தப்பு அடிப்பர். தப்பு எத்துணை ஓங்கி ஒலிப்பினும் லயத்திலே கேட்கும் செவி இல்லையாயின் பிரட்டுக் களத்துக்கு ஒருவரும் வாரார். டோபமைன் தப்பின் ஒலி. வாங்கி கேட்கும் செவி. ஒலி குறைந்தாலும் கேடு. செவி குறைந்தாலும் கேடு.

இவ்வாங்கிகள் டி1 முதல் டி5 வரை ஐவகைப்படும். அவை இரு குடும்பமாகப் பிரியும் என்பதனை 1979 இல் கெபேபியன், கேன் என்னும் அறிஞர் வகுத்துரைத்தனர். டி1, டி5 ஆகியன ஒரு குடும்பம். இவை கலத்தின் உள்ளே செய்தி பரப்பும் ஒரு பொருளைப் பெருக்குவன. டி2, டி3, டி4 ஆகியன மற்றொரு குடும்பம். இவை அதனைக் குறைப்பன. தூது ஒன்றாயினும் வாங்கும் வாயிலுக்கேற்ப விளைவு மாறுகின்றது. 1988 முதல் 1991 வரையுள்ள காலத்தில் ஐந்து வாங்கிகளின் பரம்பரை அலகுகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்டறியப்பட்டன. உடலசைவு, கவனம், ஊக்கம், எதிர்பாராத இன்பம் வாய்த்தபோது அதனை நினைவிலிருத்திக் கற்றுக்கொள்ளுதல் ஆகியனவெல்லாம் இவ்வாங்கிகளின் வழியே நிகழ்வன. சப்பாணி கொட்டும் குழந்தை தாயின் முகமலர்ச்சி கண்டு மீண்டும் மீண்டும் கொட்டுகின்றதே, அச்செயலிலும் இவற்றுக்குப் பங்குண்டு என்று கொள்ளலாம்.

பிறந்த பின்னர் நிகழ்வது

மனித மூளையின் நரம்புக்கலங்களுட் பெரும்பாலன பிறப்பதற்கு முன்னரே தோன்றிவிடுகின்றன. எனினும் வீடு கட்டச் செங்கல் வந்து சேர்ந்தமையால் வீடு முடிந்துவிட்டதாகாது. கலங்கள் தத்தம் இடம் சேர்தல், கிளைவிடுதல், ஒன்றோடொன்று இணைதல் ஆகிய பெரும்பணி பிறந்த பின்னரே விரைகின்றது. மூளையின் உட்குழிவுகளை அடுத்த ஓரிடத்திலிருந்து இளங்கலங்கள் பிறப்புக்குப் பின்னரும் முன்மூளையை நோக்கிப் பெயர்ந்து செல்வதனை 2011 இல் வெளிவந்த ஓராய்வு மனிதக் குழந்தைகளிடமே காட்டிற்று. அப்பெயர்ச்சி ஏறத்தாழப் பதினெட்டுத் திங்கள் வரையிலேயே மிகுதியாக உள்ளது. பின்னர் அது பெரிதும் ஒடுங்குகின்றது. தவழ்ந்து, நடந்து, மதியை நோக்கிக் கைகாட்டப் பழகும் காலமும் ஏறக்குறைய அதுவே.

இப்பணியிலே டோபமைன் வாங்கிகள் வெறும் செய்தி வாங்கிகளாக மாத்திரம் நிற்பதில்லை. கட்டிடப் பணியாளராகவும் விளங்குகின்றன. எலி, சுண்டெலி ஆகியவற்றின் மூளையிற் கலம் பிரிந்து பெருகும் அவ்விடத்தை டோபமைன் நரம்பிழைகள் சென்று தொடுகின்றன. அவ்விழைகளை அழித்தால் கலப்பெருக்கம் குறைகின்றது. டோபமைனின் தொழிலை மருந்தினால் மீட்டால் பெருக்கமும் மீள்கின்றது. இதனை 2004 இல் வெளியான ஆய்வொன்று நிறுவிற்று. கருவிலுள்ள சுண்டெலியின் மூளையில் டி1 குடும்பத்தின் தூண்டல் கலப்பிரிவைத் தணிப்பதனையும், டி2 குடும்பத்தின் தூண்டல் அதனை ஊக்குவதனையும் வேறு அறிஞர் கண்டுள்ளனர். ஒன்று ஏருக்கு முன் செல்லும் கை. மற்றொன்று கயிற்றை இழுத்துப் பிடிக்கும் கை. இரண்டும் அளவொத்து நின்றாலன்றி உழவு நேராகாது.

மற்றுமொரு புதுமை உண்டு. இளம்பருவத்தில் வாங்கிகள் தேவைக்கு மேற்படப் பெருகுகின்றன. பின்னர் வளரிளம் பருவத்திலே மிகையானவை களையப்படுகின்றன. எலியின் மூளையில் அவை ஏறத்தாழ நாற்பதாம் நாளில் உச்சமடைந்து, முதிர்ச்சி எய்துங்கால் தணிவதனை அமெரிக்க அறிஞர் டைக்கர், அன்டர்சன் ஆகியோர் 1995 இல் விரித்துரைத்தனர். மனிதரிடத்தும் குழந்தைப் பருவத்திலே உயர்ந்து பின் தாழும் போக்குக் காணப்பட்டுள்ளது.

தேயிலை நாட்டவர்க்கு இது புதிதன்று. கவ்வாத்து என்னும் தொழிலை நாம் அறிவோம். செடியைத் தழைக்க விட்டு, உரிய காலத்தில் வெட்டி ஒழுங்குபடுத்தினாலன்றி நல்ல கொழுந்து வாராது. ஆயின் அனுபவமுடைய கங்காணி மற்றொன்றும் அறிவார். வேரிலே சேமிப்பில்லாத செடியைக் கவ்வாத்துச் செய்தால் அது தளிர்க்காது பட்டுப்போகும். தழைக்க வேண்டிய காலத்தில் தழையாத செடிக்குக் கவ்வாத்து எங்ஙனம் நன்மை தரும்? உவமையை அளவுக்கு மீறி நீட்டுதல் தகாது. எனினும் முதலிற் பெருக்கமும் பின்னர்க் களைவும் முறை பிறழாது நிகழவேண்டும் என்னும் உண்மையை அது நன்கு காட்டும்.

இரும்பு குறையின்...

இனி நம் வினாவை அணுகுவோம். இவ்வமைப்புக்கு ஊறு விளைப்பவை பலவாயினும் உலகிலே மிகப் பரந்து காணப்படுவது இரும்புச்சத்துக் குறைவு. டோபமைன் ஆக்கப்படும் முதற்படியிலே தொழிற்படும் நொதியத்துக்கு இரும்பு இன்றியமையாதது. நரம்பிழைகளின் உறை அமைவதற்கும் மூளைக்கலங்களின் சக்திக்கும் அது வேண்டும். வாங்கிகளின் தொகையும் இரும்போடு தொடர்புடையதென்பது பின்னர் வெளியாயிற்று. இசுரேல் நாட்டின் ஹைபா நகரில் ஆராய்ந்த மூசா யூடிமும் அவர்தம் குழுவினரும், இரும்பு குறைந்த உணவு பெற்ற எலிகளின் மூளையில் டி2 வாங்கிகள் குறைந்திருத்தலைக் கண்டனர். வளர்ந்த எலிக்கு மீண்டும் இரும்பு அளித்தபோது நிலைமை சீரடைந்தது. ஆனால் பிறந்த இளம்பொழுதிலேயே இரும்பின்றி வாடிய எலிக்குட்டிகளுக்குப் பின்னர் எவ்வளவு அளித்தும், குருதி தேறிற்றேயன்றி வாங்கிகள் முற்றாகத் தேறவில்லை. அவ்வாய்வு 1986 இல் வெளிவந்தது.

இவ்விடத்திலேதான் பருவம் என்னும் சொல்லின் முழுப்பொருளும் புலனாகின்றது. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பர் பெரியோர். மூளையின் கணக்கோ ஐந்தாம் ஆண்டினும் முற்பட்டது. அது திங்களாற் கணிக்கப்படுவது. தாயிடமிருந்து பிறப்பின்போது பெற்ற இரும்புச் சேமிப்பு ஏறத்தாழ ஆறு திங்களுக்கே போதும். தாய்க்கே குருதிச்சோகை இருப்பினும், பிள்ளை நிறை குறைந்து பிறப்பினும் அச்சேமிப்பு முன்னரே தீரும். செங்கீரை முடிந்து சப்பாணி தொடங்கும் வேளையிலே களஞ்சியம் வெறிதாகும். மூளை இரும்பை மிகுதியாக வேண்டி நிற்பதும் அவ்வேளையிலேயே.

எலியைக் கண்டு குழந்தையை அளவிடலாமோ என்று கேட்போர் இருப்பர். கேள்வி நியாயமானதே. அமெரிக்க மருத்துவ அறிஞர் பெட்சி லோசொப் கொஸ்தாரிக்கா நாட்டிலே 191 குழந்தைகளை 1980 ஆம் ஆண்டுகளில் ஆராயத் தொடங்கினார். ஒரு வயதுக்கும் இரண்டு வயதுக்கும் இடைப்பட்ட அவர்களுள் இரும்புக் குறைவாற் கடுமையாகத் தாக்குண்டோருக்குச் சிகிச்சை அளிக்கப்பட்டது, குருதி தேறிற்று. ஆயினும் பத்து ஆண்டுகளுக்கு மேற்சென்று அதே பிள்ளைகளை ஆராய்ந்து 2000 இல் வெளியிட்டபோது, கணக்கிலும் எழுத்தாற்றலிலும் உடலியக்கத் திறனிலும் அவர்கள் ஏனையோரினும் பின்தங்கியிருத்தல் தெரிந்தது. வகுப்பேறாது அதே வகுப்பில் மீண்டும் இருந்தோரும் அவர்களுள் மிகுதி. இத்தகைய குழந்தைகள் தாயின் மடியை விட்டு விலகாமலும், புதியது காண அஞ்சியும், விளையாட்டில் நாட்டங் குறைந்தும் இருந்தமையை அவர் முன்னரே குறித்திருந்தார்.

அவர்தம் குழுவினர் 2010 இல் வெளியிட்ட மற்றொரு செய்தி இலக்கியம் பயின்றோரைச் சிந்திக்கச் செய்வது. மனிதர் இயல்பாகக் கண்ணிமைக்கும் வேகம் மூளையின் டோபமைன் நிலையைக் காட்டும் ஒரு குறியென்பர். இரும்புக் குறைவாற் சோகையுற்ற குழந்தைகள் ஏனைக் குழந்தைகளைவிட மெதுவாக இமைத்தன. தமயந்தியின் சுயம்வரத்திலே நளன் வடிவந் தாங்கி அமர்ந்த தேவரிடையே மெய்யான நளனை அவள் கண்டுகொண்ட குறிகளுள் இமைத்தலும் ஒன்றென்பதனைப் புகழேந்தியின் நளவெண்பா கற்றோர் அறிவர். இமையாமை தேவர்க்கு இயல்பு. மானிடக் குழந்தை இமைக்க மறந்தாற்போல் நோக்கியிருப்பின் அதனைச் சாந்த குணம் என்று பாராட்டிவிட்டு அமைதல் சில வேளை பிழையாகலாம். எனினும் பெற்றோர் இமையை எண்ணிக்கொண்டிருக்க வேண்டுவதில்லை. ஒரு துளிக் குருதியைச் சோதித்தாலே உண்மை துலங்கும்.

மலையகம் கண்ட ஆய்வு

இப்பொருளை ஆராய்ந்த உலகறிந்த ஆய்வுகளுள் ஒன்று இலங்கையின் தேயிலைத் தோட்டத்திலேயே நிகழ்ந்ததென்பது நம்மவருட் பலர் அறியாதது. அமெரிக்க அறிஞர் எட்கர்ட்டன், காடினர் ஆகியோரும், பேராதனையில் மருத்துவப் பேராசிரியராக விளங்கிய பிரையன் செனவிரத்ன முதலியோரும் சேர்ந்து கொழுந்து பறிக்கும் பெண்களிடையே அதனை நடத்தினர். ஒரு சாராருக்கு இரும்பு மாத்திரை. மற்றொரு சாராருக்கு அதனையொத்த வெறும் மாத்திரை. முன்னும் பின்னும் அவர்கள் பறித்த கொழுந்தின் நிறை கணிக்கப்பட்டது. நாள் முழுவதும் அவர்கள் உடல் எத்துணை இயங்குகின்றதென்பதும் கருவி கொண்டு அளவிடப்பட்டது. இரும்பு பெற்றோர் குருதி தேறக் கொழுந்தும் கூடிற்று. மிகக் கடுமையான சோகையுற்றிருந்தோரிடமே முன்னேற்றம் மிகுதியாயிருந்தது. மூன்று வாரத்துக்குள்ளேயே வேலையல்லாத நேரத்திலும் அவர்களின் இயக்கம் பெருகிற்று. 1979 இல் பிரித்தானிய மருத்துவ இதழில் இம்முடிவுகள் வெளிவந்தன.

அதே பெண்கள், அதே மலை, அதே கூடை. மாறியது குருதியிலுள்ள இரும்பு மாத்திரமே. தலைமுறை தலைமுறையாக அவர்கள்மேற் சுமத்தப்பட்ட 'சோம்பேறி' என்னும் பழிச்சொல்லுக்கு இதனினும் தெளிவான மறுப்பு வேறு யாது வேண்டும்?

அவ்வாய்வு பிள்ளைகளை அளவிடவில்லை. தாய்மாரின் உழைப்பையே அளவிட்டது. ஆயினும் அத்தாய்மாரின் குருதியிலிருந்தே பிள்ளையின் முதற் சேமிப்பு வருகின்றதென்பதனை மேலே கண்டோம். இரண்டையும் சேர்த்துப் பார்ப்போர்க்கு வகுப்பறையின் பின்வரிசையிலே வாடியிருக்கும் பிள்ளையின் வரலாறு லயத்து அடுப்படியிலேயே தொடங்குவது புலப்படும்.

சோகைக்கு இங்கே காரணங்கள் பல. வெறுங்காலோடு நடந்தோரின் பாதத்தின் வழியே புகுந்து, குடலில் தங்கிக் குருதி உறிஞ்சும் கொக்கிப்புழு ஒன்று. அதனை ஒழிக்க அமெரிக்க ரொக்பெல்லர் நிறுவனம் 1916 இலேயே இலங்கையில் இயக்கம் தொடங்கிற்று. ஊன், மீன், முட்டை அரிதாகிய உணவு மற்றொன்று. அடுத்தடுத்த மகப்பேறு பிறிதொன்று. இவற்றோடு நாம் பறிக்கும் இலையும் சேர்கின்றது. உணவோடு தேநீர் அருந்துங்கால் அதிலுள்ள தனின் முதலியன உணவின் இரும்பைப் பற்றிக்கொண்டு உடலிற் சேரவொட்டாது தடுக்கும். 1975 இல் இதனைக் காட்டிய ஆய்வு தென்னாப்பிரிக்காவிலே இந்திய வம்சாவளிப் பெண்களைக் கொண்டே செய்யப்பட்டது. 1860 முதல் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு அழைத்துச் செல்லப்பட்ட நம்மவர் வாழும் நாடு அது. ரொட்டியும் சாயத் தேநீரும் ஒருங்கே உண்டு மலையேறும் வழக்கம் எத்துணைப் பழையது என்பதனை ராகலையிலோ உடப்புசல்லாவையிலோ எவருக்கும் எடுத்துக் கூற வேண்டுவதில்லை.

நிலைமை முன்போல் இல்லை என்பதனையும் கூறவேண்டும். கர்ப்பவதிகளுக்கு இரும்பு மாத்திரையும், 1973 முதல் திரிபோஷ மாவும் அரசினால் இலவசமாக வழங்கப்பட்டு வந்துள்ளன. எனினும் இடைவெளி தீர்ந்தபாடில்லை. 2016 ஆம் ஆண்டுக் கணிப்பின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் வயதுக்கேற்ற உயரம் எய்தாதோர் நாடளாவிய நிலையில் நூற்றுக்குப் பதினெழுவர். பெருந்தோட்டத் துறையிலோ நூற்றுக்கு ஏறத்தாழ முப்பத்திருவர். உயரம் மூளையின் அளவுகோல் அன்று. ஆனால் உடலுக்கு எட்டாத உணவு மூளைக்கு மாத்திரம் எட்டியிருக்கும் என்று நம்புதல் அரிது.

செய்யத்தக்கன

முதலாவது, தாயைக் காத்தல். மணமாகும் முன்னரே இளம்பெண்ணின் குருதி சோதிக்கப்படல் நன்று. மாத்திரை வயிற்றைக் குமட்டுகின்றதென்று அதனைப் பானைக்குப் பின்னால் ஒளித்துவைக்கும் தாய்க்கு, இரவில் உணவின் பின் உண்ணலாம் என்று மருத்துவ மாது எடுத்துரைத்தல் வேண்டும். மகப்பேற்றின்போது தொப்புள்கொடியை உடனே கட்டாது ஒன்று முதல் மூன்று நிமிடம் தாழ்த்துக் கட்டுமாறு உலக சுகாதார நிறுவனம் விதந்துரைக்கின்றது. அந்தச் சில நொடிகளிலே குழந்தைக்குப் பாயும் குருதி பல திங்களுக்கு வேண்டிய இரும்பைச் சேமித்துத் தருகின்றது. இதற்குச் செலவு ஒரு சதமும் இல்லை.

இரண்டாவது, ஆறு திங்களின் பின் ஊட்டும் உணவு. தாய்ப்பாலோடு முட்டை, நெத்தலி, ஈரல், பருப்பு, முருங்கையிலை ஆகியவற்றை மசித்து ஊட்டலாம். தேசிக்காய்ச் சாறோ நெல்லியோ கொய்யாவோ உடன் சேரின் இரும்பு நன்கு உறிஞ்சப்படும். குழந்தைக்குத் தேநீர் கூடவே கூடாது. பெரியோரும் உணவுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரமாயினும் விடுதல் நலம். ஆனால் சோகை யாவும் இரும்புக் குறைவால் வருவன அல்ல. தலசீமியா போன்ற பரம்பரை நோயுடையோர்க்கு இரும்பு தீங்கு செய்தலும் உண்டு. ஆதலின் வைத்தியரைக் கேளாது குழந்தைக்கு மாத்திரை கொடுத்தல் தகாது.

மூன்றாவது, பிள்ளை மடுவம். கொழுந்துக்குச் செல்லும் தாய் தன் பிள்ளையை விட்டுச் செல்லும் அவ்விடத்தை வெறும் காவல் அறையாக எண்ணும் வழக்கம் நீங்குக. ஜமெய்க்கா நாட்டிலே வளர்ச்சி குன்றிய ஏழைப் பிள்ளைகளின் வீட்டுக்கு வாரந்தோறும் சென்று, எளிய விளையாட்டுப் பொருள்களைக் கொண்டு தாயும் பிள்ளையும் ஆடிப்பேசப் பழக்கினர் கிராந்தம்-மக்கிரகர் என்னும் அம்மையாரும் அவர் குழுவினரும். 1991 இல் வெளியான முடிவு அப்பிள்ளைகளின் அறிவு வளர்ச்சி உயர்ந்ததனைக் காட்டிற்று. இருபது ஆண்டின் பின் அவர்கள் ஈட்டிய ஊதியமும் ஏனையோரினும் கூடியிருந்தது. உணவோடு பேச்சும் பாட்டும் விளையாட்டும் சேரவேண்டும் என்பது இதனால் விளங்கும். பருவம் தவறியோர்க்கும் வாயில் முற்றாக அடைபடுவதில்லை என்னும் ஆறுதலும் இதில் உண்டு. மடுவத்திலுள்ள ஆயம்மா தாலாட்டும் கைவீசும் பாட்டும் பாடி விளையாட்டுக் காட்டுவாராயின் அவர் ஆற்றுவது ஆசிரியப் பணியே. அதற்குத் தக்க பயிற்சியும் ஊதியமும் அவருக்கு வழங்கப்படல் வேண்டும். இவை யாவும் தாயின் விழிப்பினால் மாத்திரம் நிறைவேறா. முட்டை வாங்கப் பணமும், பிள்ளைக்குப் பாலூட்ட நேரமும் வேண்டுமல்லவா? நாட்சம்பளக் கணக்கிலே இவ்விரண்டும் அடங்குமாறு செய்தல் தோட்டத்தை நடத்துவோர்க்கும் அரசுக்கும் உரிய கடன்.

நான்காவது நம்மைச் சார்ந்தது. முதலாம் வகுப்பு வாயிலிலே பிள்ளையை நாம் எதிர்கொள்ளும்போது அதன் மூளையின் செங்கீரையும் சப்பாணியும் வருகையும் முன்னரே நிகழ்ந்து முடிந்திருக்கும். அவற்றை நாம் கண்டிலோம். காணாத ஒன்றைக் கொண்டு, 'இவன் மந்தன்' என்று தீர்ப்புக் கூற நமக்கு உரிமை யாது? எழுத்துப் பிழையை நோக்குமுன் பிள்ளையின் கீழிமையை நோக்குக. உள்ளே வெளுத்திருப்பின் பிரம்பை வைத்துவிட்டுப் பெற்றோரை அழைத்து வைத்தியரிடம் அனுப்புக. கவனம் சிதறும் பிள்ளைக்கு ஒரே பாடத்தைச் சிறு சிறு கூறாக்கி, ஒவ்வொரு கூற்றின் முடிவிலும் ஒரு பாராட்டு நல்குக. அப்பாராட்டை வாங்கும் வாங்கிகள் எத்துணைக் குறைவாயினும் அறவே இல்லாத பிள்ளை ஒன்றும் இல்லை.

டோபமைன் ஒன்றினாலேயே அறிவு முழுவதும் அமைகின்றதென்று கூறுவதற்கில்லை. இரும்புக் குறைவினாற் கெடுவதும் வாங்கிகள் மாத்திரம் அல்ல. ஆனால் இத்துணையும் ஆராய்ந்தோர் ஒருவரேனும் ஒரு குலத்துப் பிள்ளைக்கு அறிவு இயல்பிலேயே குறைவென்று காட்டினாரல்லர். காட்டியதெல்லாம், உரிய பருவத்தில் உரிய பொருள் கிட்டாத மூளை எந்நாட்டில், எக்குலத்திற் பிறப்பினும் வாடும் என்பதே. கொஸ்தாரிக்காவிலும் ஜமெய்க்காவிலும் உண்மையாயிருப்பது ராகலையிலும் உண்மை. ஆதலின் படிப்பு ஏறாது என்னும் அப்பழைய பேச்சை இனி எவரேனும் நம்முன் எடுப்பராயின், அப்பிள்ளையின் தாய் கருவுற்றிருந்த காலத்தில் என்ன உண்டாள், எத்தனை மாதம் வரை மலையேறிக் கொழுந்து பறித்தாள், அவள் குருதியை எவர் சோதித்தார் என்று கேட்போமாக. அதற்கு விடை கூறியபின் அவர் பிள்ளையைப் பற்றிப் பேசட்டும்.